சைரனுக்கு முன்னால் ஒரு சின்ன பீப்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ். நகரில் ஆஸ்பத்திரி வீதியிலும் அதைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் நிறுத்தி வைத்த கார்களின் அலாரம் காரணமில்லாமல் அலறுவது, யாரும் திரும்பிப் பார்க்காத சத்தமாகிவிட்டது. பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனால் ஒரு கார் கத்துகிறது. பக்கத்துக் காரின் கதவை இழுத்துச் சாத்தினால் இன்னொன்று கத்துகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் ஒழுங்கை முழுவதும் ஒரே நேரத்தில் கத்துகிறது. வைத்தியசாலைக் கட்டிலில் கிடப்பவருக்கு இது வேதனை. காரின் சொந்தக்காரருக்கும் பயன் எதுவும் இல்லை. நாளுக்கு நாலு தரம் பொய்யாகக் கத்தும் அலாரம், உண்மையாகவே ஒருவன் கண்ணாடியில் கைவைக்கும் இரவில் கத்தினாலும் அயலவர் படலையைத் திறந்து எட்டிப் பார்க்கப் போவதில்லை.

இதற்குப் பரிகாரம் அலாரத்தைக் கழற்றுவதல்ல. சைரனுக்கு முன்னால், விட்டு விட்டு ஒலிக்கும் சிறிய எச்சரிக்கை பீப்பர் ஒன்றைச் சேர்த்தால் போதும். ஒருவர் தெரியாமல் லேசாக முட்டி, அலாரம் சில விநாடியில் நின்றால் பீப்பர் மட்டும் ஒலித்து ஓயும். அலாரம் ஆறு விநாடிக்கு மேல் நீடித்தால்தான் பெரிய சைரன் கிளம்பும். வாகன மின்வேலை தெரிந்த எவரும் ஒரு பிற்பகலில் செய்யக்கூடிய வேலை இது. அதைச் சரியாகச் செய்யும் முறையையும், எங்கே பிழைக்கும் என்பதையும் வாசகர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் இங்கே ஓடியவை பெரும்பாலும் பழைய கார்களும் வான்களும்தான். அவற்றில் பலவற்றுக்குப் பின்னர் வாங்கிப் பூட்டிய மலிவு அலாரங்களே இருக்கின்றன. அந்தப் பெட்டிக்குள் ஒரு கட்டுப்பாட்டு அலகு, இரண்டு ரிமோட், ஒரு அதிர்வு உணரி, ஆறு விதமாகக் கத்தும் ஒரு சைரன் இருக்கும். ஒலிக்கென்று அந்த அலகிலிருந்து வரும் இணைப்பு ஒன்றே ஒன்று. லேசாகத் தட்டினாலும் கதவை உடைத்தாலும் பூட்டும்போது வரும் ‘கீக்’ ஒலியானாலும் எல்லாம் அந்த ஒரே சைரன் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். குறை அங்கேதான் தொடங்குகிறது.

சத்தத்தின் அளவையும் பாருங்கள். ஒரு மீற்றரில் 115 டெசிபல் தரும் சைரன், வெட்டவெளியில் 10 மீற்றரில் 95, 40 மீற்றரில் 83 டெசிபல் தரும். தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல்தான் குறையும். இரண்டு பக்கமும் மதில் எழுப்பிய நம் ஒழுங்கைகளில் சத்தம் சிதறிப்போக இடமில்லாததால் அந்த அளவுகூடக் குறையாது. 1996 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஓசைக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், வைத்தியசாலை, நீதிமன்றம், பொது நூலகம், பாடசாலை ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்கு உட்பட்ட இடத்தை அமைதி வலயமாகக் கொண்டு, இரவில் 45 டெசிபல் என்ற எல்லையை வைக்கின்றன. அந்த விதிகள் கார் அலாரத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் நோயாளி தூங்குவதற்கு எவ்வளவு அமைதி வேண்டும் என்பதற்கு அது நல்ல அளவுகோல். 30 சென்ரிமீற்றரில் 95 டெசிபல் தரும் சிறிய பீப்பர், 10 மீற்றரில் 65 டெசிபலுக்குக் கிட்டத்தான் நிற்கும். காருக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெளிவாகக் கேட்கும், இரண்டாம் வீட்டில் தூங்குபவரை எழுப்பாது.

முதலில் இணைப்பின் அடிப்படை. சைரனுக்கு இரண்டு வயர் போகும். அவற்றைச் சைரனிலிருந்து கழற்றி, நடுவில் ஒரு ரிலேயை, அதாவது மின்னால் இயங்கும் சுவிச்சை, வைக்கிறோம். ரிலேயின் பொது முனைக்கு அலாரத்திலிருந்து வரும் சிவப்பு வயர். ஓய்வில் மூடியிருக்கும் முனையிலிருந்து பீப்பருக்கு. ஓய்வில் திறந்திருக்கும் முனையிலிருந்து சைரனுக்கு. ரிலே ஒரு தாமத மொடியூலில் இருக்கிறது. அந்த மொடியூலுக்கான மின்சாரமும் அதே இரண்டு வயரிலிருந்துதான். அலாரம் கிளம்பியதும் சிவப்பு வயரில் மின் வருகிறது, பீப்பர் உடனே ஒலிக்கிறது, மொடியூல் ஆறு விநாடி எண்ணுகிறது. அதற்குள் மின் நின்றுவிட்டால் எல்லாம் ஓய்ந்துவிடும். நிற்காவிட்டால் ரிலே மாறும், பீப்பர் நின்று சைரன் ஒலிக்கும். பூட்டும்போதும் திறக்கும்போதும் வரும் ‘கீக்’ சத்தம் நூறில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில் வருவதால் அது ஒருபோதும் சைரனுக்குப் போகாது, பீப்பரிலேயே முடிந்துவிடும். இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பிக் காரைப் பூட்டுபவரின் அயலவருக்கு இதுவே பெரிய உபகாரம்.

இந்த முறையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அலாரத்தின் உள்ளே கைவைக்கத் தேவையில்லை. எந்த வயர் எச்சரிக்கைக்கு, எந்த வயர் முழு அலாரத்துக்கு என்று நிறத்தை நம்பித் தேடவும் வேண்டியதில்லை. மலிவு அலாரங்களில் வயர் நிறம் பெட்டிக்குப் பெட்டி மாறும். பீப்பரும் மொடியூலும் சைரனின் இரண்டு வயருக்கு இடையில் தொங்குவதால், அலாரம் நேர்முனையைக் கொடுத்து ஒலிக்க வைக்கும் வகையா, எதிர்முனையைக் கொடுத்து ஒலிக்க வைக்கும் வகையா என்ற கேள்வியும் பெரிதாக எழாது. ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். எதிர்முனையைக் கொடுக்கும் வகையில், நம் பெட்டியின் எதிர்முனை வண்டியின் இரும்பைத் தொடக்கூடாது. தொட்டால் காரைப் பூட்டாத நேரத்திலும் பீப்பர் ஒலித்து, ஆறு விநாடியில் சைரனும் கிளம்பிவிடும். ஆகவே எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வையுங்கள்.

வேலை தொடங்குமுன் மல்ரிமீற்றரால் ஒரு சோதனை. சைரனின் இரண்டு வயருக்கும் இடையில் மீற்றரை வைத்து அலாரத்தைக் கிளப்புங்கள். 12 வோல்ற் வந்து அப்படியே நின்றால் மேலே சொன்ன இணைப்பு அப்படியே பொருந்தும். முள் அல்லது இலக்கம் ஏறி இறங்கினால் உங்கள் அலாரம் சைரனைத் துடிப்பாக ஓட்டுகிறது, அல்லது காரின் ஹோர்னை அடிக்கும் வகை. அப்படியானால் தாமத மொடியூல் ஒவ்வொரு துடிப்புக்கும் முதலிலிருந்து எண்ணும், சைரன் ஒருபோதும் ஒலிக்காது. அதற்கு மொடியூலின் மின்வழியில் மட்டும் ஒரு 1 என் 4007 டயோட், 10 ஓம் ரெசிஸ்ரர், அதன் பின்னால் 4700 மைக்ரோபரட் 25 வோல்ற் கப்பாசிற்றர் ஒன்று வையுங்கள். துடிப்புக்கு நடுவில் வரும் அரை விநாடி இடைவெளியில் அந்தக் கப்பாசிற்றர் மொடியூலைத் தாங்கிப் பிடிக்கும். 1000 மைக்ரோபரட் போதாது. ரிலே சுருளும் மொடியூலில் நேரத்தை எண்ணும் 555 என்ற ஐ.சி. யும் சேர்ந்து 40 மில்லி அம்பியர் அளவில் இழுப்பதால் அரை விநாடிக்குள் காலியாகிவிடும்.

சைரனுக்குள்ளேயே சொந்தப் பற்றரி இருந்தால் இன்னும் கவனம். அந்த வகைக்குத் திறப்பு ஒன்றும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வயர்களும் இருக்கும். நிரந்தர மின்வயர் அறுந்தால் ‘யாரோ வெட்டிவிட்டார்கள்’ என்று எடுத்துக்கொண்டு தானாகக் கத்தத் தொடங்கும். அதில் நிரந்தர வயரைத் தொடவே கூடாது. கிளப்பும் வயரை மட்டும் ரிலே ஊடாகக் கொண்டுபோக வேண்டும்.

இனி பீப்பர். கடையில் 12 வோல்ற் பசர் என்று கேட்டால் மூன்று விதமானவை வரும். ஒன்று, மின் கொடுத்தால் நீட்டாக ஒலிப்பது. மற்றது, மின் கொடுத்தால் தானே ‘டீட் டீட்’ என்று விட்டு விட்டு ஒலிப்பது. மூன்றாவது, உள்ளே ஓட்டும் சுற்று இல்லாத வெறும் பீசோ தகடு. இதற்கு மின் கொடுத்தால் ஒரு ‘டிக்’ மட்டும்தான் வரும். வாங்குமுன் கடையிலேயே 9 வோல்ற் பற்றரியில் தொட்டுப் பார்த்துவிடுங்கள். தானே விட்டு விட்டு ஒலிப்பது கிடைத்தால், வேறு சுற்றே தேவையில்லை, நேராக இணைக்கலாம். ஆனால் அவற்றில் பல மிக வேகமாகத் துடிக்கும். லொறிகளில் பின்னால் வரும்போது ஒலிக்கும் பீப்பரையும் சிலர் பூட்டுகிறார்கள். அது விட்டு விட்டு ஒலிப்பது உண்மைதான், ஆனால் சத்தம் கூட. சைரனைக் குறைக்க வந்து இன்னொரு சைரனைப் பூட்டியதாக முடியும்.

என் தெரிவு, நீட்டாக ஒலிக்கும் சிறிய பசரை 555 ஐ.சி. ஒன்றால் துடிக்க வைப்பது. ஒலியின் நீளத்தையும் இடைவெளியையும் நாமே தீர்மானிக்கலாம். கால் விநாடி ஒலி, முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைந்த அமைதி என்ற அளவு காதுக்குத் தெளிவாக ‘எச்சரிக்கை’ என்று படும், பதற்றம் தராது.

சுற்று எளிதானது. 555 இன் முதலாம் கால் எதிர்முனைக்கு. எட்டாம் கால் நேர்முனைக்கு, நான்காம் கால் எட்டுடன் சேர்த்து. இரண்டாம், ஆறாம் கால்களைச் சேர்த்து, அந்தச் சந்தியிலிருந்து 10 மைக்ரோபரட் 25 வோல்ற் கப்பாசிற்றர் எதிர்முனைக்கு. எட்டாம் காலுக்கும் ஏழாம் காலுக்கும் இடையில் 33 கிலோ ஓம். ஏழுக்கும் ஆறுக்கும் இடையில் 100 கிலோ ஓம். அந்த 100 கிலோ ஓமுக்குக் குறுக்காக 1 என் 4148 டயோட், கறுப்புக் கோடு போட்ட பக்கம் ஆறாம் காலில். ஐந்தாம் காலிலிருந்து 10 நனோபரட் எதிர்முனைக்கு. மூன்றாம் காலுக்கும் எதிர்முனைக்கும் இடையில் பசர், அதன் சிவப்பு வயர் மூன்றாம் காலில்.

அந்தச் சின்ன டயோட் எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். டயோட் இல்லாத வழமையான 555 சுற்றில் வெளியீடு உயர்ந்திருக்கும் நேரம், தாழ்ந்திருக்கும் நேரத்தைவிட எப்போதும் கூடவே இருக்கும். ஆகவே நீண்ட ஒலி, குறுகிய இடைவெளி என்றுதான் வரும். அதைத் திருப்ப, பசரை நேர்முனைக்கும் மூன்றாம் காலுக்கும் நடுவில் வைத்துத் தாழ்ந்திருக்கும்போது ஒலிக்கச் செய்பவர்கள் உண்டு. மேசையில் வைத்துப் பார்க்கும்போது அது நன்றாக வேலை செய்யும். காரில் பூட்டியதும் ஏமாற்றும். மின் வந்தவுடன் கப்பாசிற்றர் பூச்சியத்திலிருந்து ஏறவேண்டியிருப்பதால், முதல் பீப் ஒன்றரை விநாடி வரை கழித்துத்தான் வரும். பூட்டும் ‘கீக்’ அதற்குள் முடிந்துவிடும், கார் பூட்டியதா இல்லையா என்றே தெரியாது. டயோட் போட்டால் கப்பாசிற்றர் 33 கிலோ ஓம் வழியாக மட்டும் நிரம்பி, 100 கிலோ ஓம் வழியாக வடியும். மின் வந்த கணமே பசர் ஒலிக்கும். முதல் பீப் மட்டும் 0.4 விநாடி, அதன் பின் கால் விநாடி ஒலி, 0.7 விநாடி அமைதி.

நம் பசர் 10 முதல் 25 மில்லி அம்பியர்தான் எடுப்பதால் 555 நேராகவே ஓட்டும். அதைவிடப் பெரிய ஒலிப்பானாக இருந்தால் மூன்றாம் காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக பி.டி. 139 திரான்சிற்றர் ஒன்றை ஓட்டி அதன் மூலம் இணையுங்கள். உள்ளே சுருள் உள்ள ஒலிப்பானானால் குறுக்கே 1 என் 4007 ஒன்றும் தேவை.

காரின் மின்சாரம் மேசையிலுள்ள மின்வழங்கியைப் போன்றதல்ல. எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ற் வரை ஏறும். ரிலேகளும் மோட்டார்களும் நிற்கும்போது அதற்கு மேல் துள்ளல்கள் வரும். சாதாரண 555 க்கு 16 வோல்ற்றுக்கு மேல் கொடுக்கக்கூடாது. ஆகவே நுழைவாயிலில் 1 என் 4007 ஒன்று தொடராக, பின் 22 ஓம் அரை வாற் ரெசிஸ்ரர், அதன் பின் எதிர்முனைக்கு 15 வோல்ற் 1 வாற் சேனர் டயோட், 100 மைக்ரோபரட், 100 நனோபரட். தொடராக உள்ள டயோட், யாராவது வயரை மாற்றிப் பூட்டினாலும் ஐ.சி. யைக் காப்பாற்றும். கப்பாசிற்றர்கள் 105 பாகை என்று அச்சிட்டவையாக இருக்கட்டும்.

தாமத மொடியூலைக் கடையில் 0 முதல் 10 விநாடி வரை திருப்பி மாற்றக்கூடியதாக, 12 வோல்ற் ரிலேயுடன் வாங்கலாம். அதுவும் 555 ஐ வைத்துத்தான் செய்யப்பட்டது. ரிலேயில் 10 அம்பியர் என்று எழுதியிருக்கும், 20 வாற் சைரனுக்கு 1.6 அம்பியர் அளவுதான் என்பதால் தாராளம். வாங்கும்போது ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மின் கொடுத்ததும் காத்திருந்து பின் ரிலே இழுப்பது ஒன்று, மின் கொடுத்ததும் ரிலே இழுத்துப் பின் விடுவது மற்றது. நமக்கு வேண்டியது முதலாவது. இரண்டாவதை முனைகளை மாற்றிப் பூட்டிச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள். ரிலே இழுக்குமுன் உள்ள அந்தக் கண நேரத்தில் சைரன் ஒரு தரம் ‘கிறீச்’ என்று கத்திவிடும். அதைத் தவிர்க்கத்தானே இவ்வளவு பாடும்.

தாமதத்தை ஆறு விநாடிக்கு வையுங்கள். நாலுக்குக் குறைந்தால் சொந்தக்காரர் ரிமோட்டைத் தேடி எடுத்து அழுத்த நேரம் போதாது. எட்டுக்கு மேல் போகவும் கூடாது. நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருப்பியைச் சரிசெய்து முடிந்ததும் அதன் தலையில் ஒரு துளி நகப்பூச்சு விடுங்கள். நம் உள்வீதிகளின் குலுக்கலில் அது தானாகத் திரும்பி, சில மாதங்களில் ஆறு விநாடி ஒரு விநாடியாகிவிடும்.

இனிப் பொருத்துதல். சுற்றுப் பலகையையும் மொடியூலையும் பொனற்றுக்குள் வைக்கவேண்டாம். அந்த வெப்பமும் மாரி ஈரமும் சேர்ந்து ஒரு வருடத்தில் முடித்துவிடும். டாஷ்போர்ட்டுக்குக் கீழே, அலாரப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். பசர் மட்டும் வெளியே. முன் கிறிலுக்குப் பின்னால், துளை கீழ்நோக்கியபடி, புகைக் குழாயிலிருந்தும் ரேடியேற்றரிலிருந்தும் விலத்திப் பூட்டினால் நல்லது. துளை மேல்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் நின்று தகட்டில் உப்புப் படியும், சத்தம் கரகரத்துப் பின் நின்றுபோகும். கடலுக்குக் கிட்ட, குருநகர், பாசையூர் பக்கம் நிற்கும் வாகனங்களுக்கு இது விரைவாக வரும். வயர் பசரை அடையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும். எஞ்சின் பக்கம் போகும் வயரை இருக்கும் இறப்பர் வளையத்தின் ஊடாகவே கொண்டுபோங்கள். தகட்டில் புதுத் துளை போட்டு வெறுமனே விட்டால் விளிம்பு வயரை அறுத்துவிடும்.

பீப்பருக்கு 0.5 சதுர மில்லிமீற்றர், சைரனுக்கு 1 சதுர மில்லிமீற்றர் வயர் போதும். சைரன் வழியில் 3 அம்பியர் பியூஸ் இருக்கட்டும். இணைப்புகளை முறுக்கி இன்சுலேசன் ரேப் சுற்றுவது இங்கே உதவாது. வைகாசி வெயிலில் ரேப்பின் பசை உருகி வழிந்து, சுற்று கழன்றுவிடும். சொல்டர் செய்து, சூட்டுக்குச் சுருங்கும் குழாய் போடுங்கள். வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்புகளை நான் விலக்கியே வைப்பேன். உப்புக் காற்றில் உள்ளே பச்சை பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். மஞ்சள் நிறக் கனெக்ரர்கள் காற்றுப்பைக்கு உரியவை, அவற்றின் பக்கமே போகவேண்டாம். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்கள் பலவற்றில் 12 வோல்ற் பற்றரி பொனற்றுக்குள் இருக்காது, பின்பக்கத்தில் இருக்கும். செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்கள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் கொண்டவை. எதையும் பரிசோதிக்கப் பல்ப் பூட்டிய சோதனை விளக்கைப் பாவிக்காமல் மீற்றரைப் பாவியுங்கள். அந்த பல்ப் இழுக்கும் மின்னோட்டம் கணினி அலகுகளைப் பழுதாக்கலாம்.

பூட்டி முடித்ததும் பிழைத்தால், பெரும்பாலும் காரணம் ஒலியிலேயே தெரியும். இடைவெளி இல்லாமல் ஒரே நீட்டாக ஒலித்தால் 1 என் 4148 திருப்பிப் பூட்டப்பட்டிருக்கிறது. ‘டிக் டிக்’ என்று மட்டும் வந்தால் நீங்கள் வாங்கியது ஓட்டும் சுற்று இல்லாத பீசோ. தாறுமாறாகத் துடித்தால் தானே துடிக்கும் பசரை 555 க்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். சில வேளை ஒலித்துச் சில வேளை ஒலிக்காவிட்டால் நான்காம் கால் எங்கும் பூட்டப்படாமல் அந்தரத்தில் நிற்கிறது. பீப்பர் ஒலித்து ஆறு விநாடி கழித்து இரண்டும் மௌனமானால் சைரன், ரிலேயின் ஓய்வில் திறந்திருக்கும் முனையில் பூட்டப்படவில்லை, அல்லது பியூஸ் போய்விட்டது.

பீப்பரைச் சைரன் வயரிலிருந்து ஊட்டாமல் நேரே பற்றரியிலிருந்து ஊட்டுபவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 12 வோல்ற்றில் 555 ஒன்று சும்மா நிற்கும்போதே 8 மில்லி அம்பியர் அளவில் குடிக்கும். அலாரத்தின் சொந்தப் பாவனையான 10 முதல் 20 மில்லி அம்பியருடன் அதுவும் சேர்ந்தால், 35 அம்பியர் மணிப் பற்றரி உள்ள சிறிய கார், சொந்தக்காரர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய் ஒரு மாதத்தில் திரும்பும்போது கிளம்பாமல் நிற்கலாம். நாம் சொன்ன இணைப்பில் அலாரம் ஒலிக்காத வேளையில் பீப்பர் எதையும் எடுப்பதில்லை.

‘ஆறு விநாடி கொடுத்தால் கள்வனுக்கு வசதிதானே’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பீப்பர் முதல் கணத்திலேயே ஒலித்து, அலாரம் தன்னைக் கண்டுவிட்டது என்பதை அவனுக்குச் சொல்லிவிடுகிறது. எஞ்சினைக் கிளம்பாமல் தடுக்கும் ரிலே சைரன் வயரில் இல்லை, அது தனி வழியில் உடனே வேலை செய்யும். தாமதிப்பது சத்தம் மட்டுமே. அந்தச் சத்தத்துக்கு அயலவர் மத்தியில் மதிப்பு மீள வேண்டுமானால் அது அரிதாகத்தான் கேட்கவேண்டும்.

ஆனால் பீப்பரைப் பூட்டிவிட்டு அதிர்வு உணரியை அப்படியே விட்டால் பாதி வேலைதான். உணரியைப் பிளாஸ்ரிக்கில் இரட்டைப் பக்க ரேப்பால் ஒட்டியிருந்தால் கழற்றி, டாஷ்போர்ட்டுக்குக் கீழுள்ள இரும்புச் சட்டத்தில் இறுக்கிக் கட்டுங்கள். ஏசிக் குழாயில் கட்டாதீர்கள், குளிர்ந்து சூடாகும்போது அது தானே ‘டக்’ என்று அதிரும். உணரியின் திருப்பியை மிகக் குறைந்த நிலைக்குக் கொண்டுபோய், கதவுகளைச் சாத்தி, காரைப் பூட்டி, ஒரு நிமிடம் பொறுத்து, முன் கண்ணாடிப் பக்கத் தூணில் உள்ளங்கையால் தட்டுங்கள். ஒலிக்காவிட்டால் எட்டில் ஒரு சுற்று கூட்டி மறுபடியும் தட்டுங்கள். உறுதியான தட்டுக்கு ஒலித்து, விரலால் சுண்டுவதற்கு ஒலிக்காத இடத்தில் நிறுத்துங்கள். பின் காரை வீதியோரத்தில் விட்டு ஒரு பஸ்ஸோ லொறியோ கடக்கும்வரை பாருங்கள். நல்லூர் மஹோற்சவ காலத்தில் 25 நாளும் கோவிலைச் சுற்றிய ஒழுங்கைகளில் இடித்துக்கொண்டு வாகனம் நிற்கும், ஆட்கள் உரசிக்கொண்டு போவார்கள். அந்த நாட்களுக்கு இன்னும் சற்றுக் குறைத்து வைப்பது அயலுக்குச் செய்யும் மரியாதை. தீபாவளி வெடிக்கும் அப்படியே.

இரவில் விடியப்புறம் மட்டும் தானாகக் கத்தும் காருக்கு உணரியைக் குறை சொல்லவேண்டாம். கதவு அல்லது பொனற் சுவிச்சில் பனி ஈரம் இறங்கியிருக்கும். சுவிச்சைக் கழற்றி, அமுக்கிய நிலையில் மீற்றரால் பாருங்கள். திறந்த சுற்று என்று காட்டவேண்டும், சில கிலோ ஓம் காட்டினால் உள்ளே பச்சை பிடித்துவிட்டது. சுத்தம் செய்வதைவிடப் புதியதைப் போடுவது மேல். பற்றரி ஓய்ந்தாலும் இப்படிக் கத்தும். நிரம்பிய பற்றரி 12.6 வோல்ற் காட்டும், 12.2 என்றால் பாதி, 11.8 க்குக் கீழே அலார அலகு தடுமாறும். இந்த வகைப் பொய் அலாரங்கள் நீண்டு ஒலிப்பதால் ஆறு விநாடி கடந்து சைரனுக்குப் போய்விடும், பீப்பர் அவற்றுக்கு மருந்தல்ல.

காரைக் கொடுக்குமுன் சோதிக்க வேண்டியவை: பூட்டும் ‘கீக்’ பீப்பரில் மட்டும் வருகிறதா, ஒரு தட்டுக்குப் பீப்பர் ஒலித்துச் சைரன் வராமல் ஓய்கிறதா, கதவைத் திறந்து விட்டால் ஆறாம் விநாடியில் சைரன் வருகிறதா, நாலாம் விநாடியில் ரிமோட்டை அழுத்தினால் சைரன் மௌனமாகவே இருக்கிறதா, எஞ்சின் ஓடும்போது ரிமோட்டின் அவசரப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் அதே ஒழுங்கில் நடக்கிறதா. கடைசியாக முன் கிறிலுக்குத் தண்ணீர் அடித்து, அரை மணித்தியாலம் கழித்து மறுபடியும் ஒரு தரம்.

அலாரம் பூட்டிக் கொடுக்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய அலாரம் ஒவ்வொன்றுக்கும் இந்தப் பீப்பரையும் தாமதத்தையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொல்லட்டும். செய்து முடித்ததும் எந்த நிற வயர் எங்கே போகிறது, தாமதம் எத்தனை விநாடி, பியூஸ் எங்கே என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, பொலித்தீனில் சுற்றி அலாரப் பெட்டியோடு கட்டி விடுங்கள். அடுத்து அந்த டாஷ்போர்ட்டைக் கழற்றுபவர் அதைப் பார்த்து வேலை செய்வார்.

இப்படிக்கு,
வாகன மின்வேலை தெரிந்த வாசகர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.